நலமடித்த நான்காம் நாள்

போன மாதம் தபாலில் ஒரு நினைவு மலர் வந்தது. கால்நடை வைத்தியப் பகுதியில் என்னுடைய முதல் மேலதிகாரியாக இருந்த டொக்டர் காலமானதை ஒட்டி, அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள் சேர்ந்து வெளியிட்டது. வழுவழுப்பான கடதாசி, வர்ணப் படங்கள். நடுவில் என் பெயர் போட்டு ஒரு கட்டுரை. நான் எழுதிக் கொடுத்தது நான்கு பக்கம், அச்சில் வந்தது முக்கால் பக்கம். அந்த முக்கால் பக்கத்திலும் நான் எழுதாத வசனம் ஒன்று இருந்தது: "நலமடித்த எலியை ஐந்து கிழமை கழித்தே பெண் எலியுடன் விட வேண்டும் என்பதைத் தமது ஆராய்ச்சியால் கண்டறிந்தவர் டொக்டர் அவர்களே."

மலரைத் தொகுத்த தம்பிக்கு உடனே ஃபோன் எடுத்தேன். இப்போது வேலையில் இருக்கும் பொடியன், மரியாதையானவன்தான்.

"அக்கா, இடம் போதாமல் போச்சுது. அதோடை செத்த மனிசனைப் பற்றிக் குறையாய்ப் போடக்கூடாதெல்லோ."

"இடம் காணாட்டி வெட்டும் தம்பி. நான் எழுதாததை ஏன் சேர்த்தனீர்?"

"எலிக் கதைதானே அக்கா" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்காகவே இதை எழுதுகிறேன். எலிக் கதைதான். ஆனால் அதற்குள் ஒரு பெண்ணின் பேர் கெட்டுக் கிடக்கிறது. அதைக் கெடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

என் பெயர் பிலோமினா. குருநகர். அப்பா கடற்தொழில். எண்பத்துமூன்றில் உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடமும் நான் கற்றது ஊசி அவிக்கிறது, ஆட்டைப் பிடிக்கிறது, மாடு உதைக்க முன் விலகுறது, அவ்வளவுதான். தையல் போட விட்டது பிறகு. சின்ன வயதில் கிழிந்த வலை பொத்திப் பழகிய கை என்பதால் என் முடிச்சு நழுவாது. டொக்டர் அதைக் கவனித்துவிட்டு, ஒருநாள் ஊசியை என் கையில் தந்தார்.

எங்கள் கந்தோர், கால்நடை வைத்திய அலுவலகம், வலிகாமத்தில் இருந்தது. மருதனார்மடச் சந்தியிலிருந்து சைக்கிளில் போகலாம், இதற்கு மேல் சொல்லமாட்டேன். டொக்டரின் பெயரையும் எழுதப்போவதில்லை. அவருடைய பிள்ளைகள் நல்லவர்கள்.

டொக்டரும் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் இந்த மலரைக் குப்பையில் போட்டுவிட்டு என் பாட்டைப் பார்த்திருப்பேன். சத்தம் போடமாட்டார். சவர்க்காரம் கிடைக்காத காலத்திலும் சாம்பலும் எலுமிச்சங்காயும் தேய்த்து முழங்கை வரை கழுவுவார், பிறகு நகங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பாதை பூட்டி, பொருட்கள் வராமல், ஊரே சாரத்தோடு திரிந்தபோதும் அவர் கழுத்தில் டை இருந்தது. எல்லாவற்றையும் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் புத்தகத்தைத் திறந்து வைத்து, பேனையை மூடி கழற்றி நீட்டி, "பதிவிலை இல்லாதது நடக்கேல்லை, பிலோமினா" என்பார். நான் எழுதி முடிக்கும்வரை நீட்டிய கையை இறக்கமாட்டார்.

இனி எலிகள் எப்படி வந்தன என்று சொல்கிறேன். மானிப்பாய்ப் பக்கம் ஒரு டியூட்டரி இருந்தது. உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிற பிள்ளைகள் சோதனைக்கு எலி வெட்டிப் பழக வேண்டும். அதற்காக அங்கே படிப்பித்த மாஸ்டர் பின் கொட்டிலில் வெள்ளெலி வளர்த்தார். தொண்ணூறுக்குப் பிறகு, சண்டை இறுகிய ஒரு நாளில், மாஸ்டர் பெட்டி கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார். போனது பிழையில்லை. கொட்டிலைப் பூட்டிவிட்டுப் போனதுதான் பிழை. உள்ளே எலிகள் இருந்தன, தண்ணீர் இல்லை. நாற்றமா சத்தமா என்று பார்க்க வந்த மாணவர்கள்தான் பூட்டை உடைத்து, உயிரோடு இருந்தவற்றை ஆளுக்கு இரண்டாகப் பங்கிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வெட்டப் பழக வந்த பிள்ளைகள் அவற்றுக்குப் பெயர் வைத்துச் சட்டைப் பையில் வைத்துத் திரிந்தார்கள்.

பிறகு நடந்தது தெரிந்ததுதானே. வெள்ளெலிக் குட்டி ஐந்து கிழமையில், அதாவது முப்பத்தைந்து நாளில், பருவமாகிவிடும். இரண்டு பத்தாகி, பத்து எத்தனையோ ஆனது. தாய் தகப்பன்மார் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு புரட்டாசி மழைக் கிழமையில் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். பாண் பெட்டியில், பால்மா ரின்னில், மூடி கட்டிய கடகத்தில். ஒருவரும் உள்ளே வந்து சொல்லவில்லை. மழையில் நனைந்த பெட்டிகளைத் தூக்கி உள்ளே வைத்தது நான். மொத்தம் முப்பத்தொன்று, அதில் பதினான்கு கடுவன், மற்றவை பெட்டை.

இரண்டு நாளில் கமக்காரர் வந்துவிட்டார்கள். முன்னுக்கு வந்தவர் கந்தையா அண்ணை. அந்தப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு அவர் வாய்தான் வாய்.

"டொக்டர், உதுகள் தப்பி வெளியிலை போச்சுதெண்டால் எங்கடை நெல்லும் இல்லை, மரவள்ளியும் இல்லை. உள்ள எலியோடையே எங்களுக்குச் சீவன் போகுது. மருந்தை வையுங்கோ."

டொக்டர் அவரை இருக்கச் சொன்னார். "வளர்த்த சீவனைக் கொண்டுவந்து தாறவன் என்னை நம்பித்தான் தாறான். கொல்லுறதெண்டால் அவனே கொன்றிருப்பான். நான் கடுவனுக்கெல்லாம் நலமடிச்சு, வளர்க்க விரும்புற ஆக்களுக்குக் குடுக்கிறன்."

கந்தையா அண்ணைக்குப் பின்னால் நின்ற ஒருவர், "பிள்ளையாரின்ரை வாகனத்துக்கு நலமடிக்கிறதோ?" என்றார். கந்தையா அண்ணை திரும்பி, "நீ நேற்று வாகனத்துக்குப் பொறி வைச்சனி" என்று அவரை அடக்கினார். பிறகு டொக்டரிடம், "நலமடிச்சுக் குடுத்த பிறகும் ஒரு குட்டி எங்கையாவது பிறந்தால்?" என்று கேட்டார்.

"ஒரு குட்டி பிறந்தாலும் எல்லாத்தையும் நானே என்ரை கையாலை முடிக்கிறன்."

அந்த வாக்கைப் பதிவில் எழுதினார். கீழே கையெழுத்தும் வைத்தார். அன்றைக்கு நான் அவரை மனதாரக் கும்பிட்டேன், பொய் சொல்லவில்லை.

வெளியூர் வாசகருக்கு ஒரு சொல் விளங்காமல் இருக்கலாம். ஆண் மாட்டின் விதையை நசுக்கியோ எடுத்தோ இனம் பெருக்காமல் செய்வதை நாங்கள் நலமடித்தல் என்போம். மாட்டுக்குக் குறடு வைத்துக் கால் மணித்தியாலத்தில் முடித்துவிடுவோம், அன்று பின்னேரமே சொந்தக்காரர் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போய்விடுவார். நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறோம். எலிக்கு அதுவரை ஒருவரும் செய்ததில்லை.

"மனிசருக்கே மருந்தில்லை, எலிக்கோ?" என்று ஊரில் கேட்டார்கள். கேட்டதில் பிழையில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் கிடந்த காலம் அது. ஆனால் நாங்கள் எடுத்தது எங்கள் களஞ்சியத்தில் எப்போதோ திறந்து பாதி முடிந்த ஒரு போத்தல் ஈதர், பழைய மயக்க மருந்து. திறந்து கனகாலம் கிடந்த ஈதரை மனிதருக்கு எடுக்கமாட்டார்கள். நூல் கூட ஆஸ்பத்திரி நூல் இல்லை. இதை எல்லாம் ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் அலுத்தது. சந்தியில் குந்திப் பொழுது போக்குகிற தடியன்கள், ஒரு நாளும் ஆஸ்பத்திரிப் பக்கம் போய் ஒரு போத்தல் இரத்தம் கொடுக்காதவர்கள்தான் கூடக் கேட்டார்கள்.

முதலில் கடுவனையும் பெட்டையையும் பிரித்து ஒரு மாதம் வைத்தோம். இரண்டு பெட்டைகள் கந்தோரிலேயே ஈன்றன. மற்றவை வெறும் வயிறு என்று நிச்சயமான பிறகுதான் வேலையைத் தொடங்கினோம்.

முதல் எலி எங்கள் கையில் செத்தது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் மயக்கம் கொடுக்க முன் தீன் நிறுத்துவது எங்கள் வழக்கம், இல்லாவிட்டால் வாந்தி எடுத்து மூச்சு அடைக்கும். அதே பழக்கத்தில் எலிக்கும் முதல் நாளிலிருந்து தீனை நிறுத்திவிட்டேன். எலியால் வாந்தி எடுக்கவே முடியாது. அந்தச் சின்ன உடம்பு ஒரு இரவு பட்டினியைத் தாங்காது. டொக்டர் பழைய புத்தகங்களைப் புரட்டி இதைக் கண்டுபிடித்த பிறகு, "பிழை என்ரை. நான் சொல்லியிருக்க வேணும்" என்று பதிவில் எழுதினார். இதையும் நான் மறைக்கப்போவதில்லை. பிழையை ஒத்துக்கொள்ளத் தெரியாதவர் அல்லர் அவர். பார்க்கிறவர்கள் இல்லாதபோது ஒத்துக்கொள்வார்.

பிறகு இப்படிச் செய்தோம். இனிப்புப் போத்தல் ஒன்றின் அடியில் ஈதர் நனைத்த பஞ்சு, அதன் மேல் எலியில் படாதபடி தேத்தண்ணி வடி. எலியை விட்டு மூடி, அது சரிந்து மூச்சு ஆறுதலாக வரும்போது எடுத்துப் பலகையில் மல்லாத்துவோம். பயந்த கடுவன் எலி விதையை வயிற்றுக்குள் இழுத்து ஒளித்துவிடும். விரலால் அடிவயிற்றை மெல்ல அழுத்தி இறக்க வேண்டும். அயடீன் பூசி, நகத்தளவு வெட்டு. டொக்டர் விதையை வெளியே எடுத்துக் கட்டி அறுப்பார். அதோடு விட்டால் வந்த வழியால் குடல் இறங்கிவிடும், அதனால் அந்தத் துவாரத்தையும் கட்டி அடைக்க வேண்டும். அந்தக் கட்டு என் வேலை. வெளியில் முடிச்சுத் தெரிந்தால் எலி பல்லால் பிரித்துவிடும், ஆகவே முடிச்சு உள்ளுக்குப் போக வேண்டும். முடிந்ததும் காதில் சின்ன வெட்டு அடையாளம். பிறகு சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, அது எழுந்து மீசை துடைக்கும்வரை நான் இருப்பேன். நான்கு நாள் புண்ணைப் பார்ப்போம். காய்ந்திருந்தால் கொடுக்கலாம். நான்கு நாள் என்பது டொக்டர் வைத்த கணக்கு. அப்போது அது எனக்கும் சரியாகவே பட்டது.

நூல் தந்தது செல்வராணி. மானிப்பாயில் தனியாக இருந்து தைக்கிற பிள்ளை. தாய் செத்த பிறகு தமையனோடு போய் இருக்கச் சொல்லியும் போகாமல் மெஷினோடு இருந்தவள். எங்கள் தட்டுப்பாட்டைக் கேள்விப்பட்டு, தன்னிடமிருந்த மெல்லிய வெள்ளை நூல் இரண்டு உருளையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நான் ஒரு எலிக்குத் தையல் போடுவதை நின்று பார்த்தாள்.

"அக்கா, முடிச்சு நல்லாயிருக்கு. ஆனா இடைவெளி ஒரேயளவு இல்லை" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. பார்த்தால் அவள் சொன்னது சரி. அவளுக்கு அப்படி ஒரு கண். ஒரு சோடி வளர்க்க ஆசைப்பட்டாள். எலி தனியே இருந்தால் வாடிப்போகும் என்பதால் சோடியாகத்தான் கொடுப்பது என்று தீர்மானித்திருந்தோம். முதல் சோடி அவளுக்கே போனது; அது எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் மற்றவற்றைக் கொடுப்பது என்று டொக்டர் சொல்லியிருந்தார். பெட்டைக்கு ஊசி என்றும் கடுவனுக்கு நூலன் என்றும் பெயர் வைத்தாள். நூலனுக்கு நலமடித்தது திங்கட்கிழமை, கொடுத்தது வெள்ளிக்கிழமை. பதிவில் எழுதியது நான்.

இருபத்தெட்டாம் நாள் ஊசி எட்டுக் குட்டி ஈன்றது.

செல்வராணி மறைத்திருக்கலாம். ஒருவருக்கும் தெரியாமல் கிணற்றடியில் புதைத்திருக்கலாம். அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து, வாசலில் நின்றபடியே சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற ஒருவர் பின்னேரத்துக்குள் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். அடுத்த நாள் கமக்காரர் எல்லோரும் கந்தோர் விறாந்தையில்.

டொக்டர் எழுந்து நின்றார். டையைச் சரி செய்தார். "நலமடிச்சது சரியாத்தான் செய்தது. அந்தப் பிள்ளை கூட்டைக் கவலையீனமாய்த் திறந்து விட்டிருக்கு. வீட்டெலி ஏறியிருக்கு. ஆனா நான் சொன்ன சொல்லு சொன்னதுதான். வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் முடிக்கிறன்."

பதிவைத் திறந்து அப்படியே எழுதினார்: "எட்டுக் குட்டி. காரணம்: வளர்ப்பவர் கவலையீனம்." கையெழுத்து வைத்தார். செல்வராணி அந்தக் கூட்டத்தில் இல்லை. அவளைக் கூப்பிடவே இல்லை. நான் இருந்தேன். அவள் மெஷின் ஊசியைக்கூட எண்ணி வைக்கிறவள் என்று எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. மேலதிகாரி கதைக்கும்போது உதவியாளர் கதைப்பதில்லை. அப்படித்தான் பழகியிருந்தேன். இன்றைக்கும் நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அவளுடைய எலிகளை எடுத்து வரும்படி என்னைத்தான் அனுப்பினார்.

நான் போகும்போது கதை எனக்கு முன்பே போயிருந்தது. யாரோ தைக்கக் கொடுத்த சட்டைத் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு படலையால் வெளியே வந்தார்கள். செல்வராணி அழவில்லை.

"கவலையீனமெண்டு எழுதினவராம். என்ரை தொழிலே கவனம்தான் அக்கா. அளவு பிழைக்கிறவளெண்டால் ஆர் எனக்குத் துணி தருவினம்?"

பெட்டியை என் முன்னால் வைத்தாள். பிறந்து மூன்று நாள். மயிர் முளைக்காத, கண் திறக்காத குட்டிகள்.

"கண்ணைப் பாருங்கோ."

"கண் மூடிக்கிடக்குதே பிள்ளை."

"மூடித்தான் கிடக்குது. தோலுக்குள்ளாலை பாருங்கோ. என்ரை துணிப்பெட்டிக்குள்ளை எத்தினை தரம் வீட்டெலி குட்டி போட்டிருக்கு. பிறந்த அண்டைக்கே கண் இருக்கிற இடம் கறுப்பாய்த் தெரியும். இதுகளிலை ஒண்டுக்காவது கறுப்புத் தெரியுதோ?"

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எட்டும் வெறும் சிவப்பு; வீட்டெலி தகப்பன் என்றால் கண் கறுத்திருக்கும். வெள்ளெலிக்குப் பிறந்த வெள்ளெலிகள்.

"அப்ப நூலன்தான் தகப்பன்" என்றாள். "எத்தினையாம் நாள் தந்தனீங்கள்?"

"நாலாம் நாள்."

"நலமடிச்ச மாட்டை எத்தினையாம் நாள் பசுவோடை விடுவியள்?"

எங்கள் ஊரில் நாம்பனை, காளையை, பசுவோடு விடுவதே இல்லை. நாம்பன் ஒரு கட்டையில், பசு வேறொரு கட்டையில், வேலிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம். நலமடித்தாலும் அதே கட்டைதான், அதே கயிறுதான். உள்ளே தேங்கியிருப்பது வற்ற எத்தனை நாள் எடுக்கும் என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை, கேட்க வேண்டி வந்ததில்லை. மாட்டுக்குக் கயிறு செய்த வேலையைக் குறடு செய்தது என்று இவ்வளவு காலமும் நம்பியிருந்தோம். எலிக்குக் கயிறு இல்லை.

செல்வராணி ஊசியையும் நூலனையும் குட்டிகளையும் துணி விரித்த கூடையில் வைத்துத் தந்தாள். "கொண்டுபோய்க் காட்டுங்கோ. காட்டிப்போட்டுத் திருப்பித் தாங்கோ."

"ஓம், கொண்டு வாறன்" என்றேன்.

டொக்டர் கூடையை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, ஒரு குட்டியை எடுத்து யன்னலடியில் பிடித்தார். பார்த்தவுடனே அவருக்கு விளங்கிவிட்டது. முகம் மாறியது. குட்டியைத் தாய்க்குப் பக்கத்தில் அலுங்காமல் வைத்து, துணியை மூடினார்.

"கூட்டம் முடிஞ்சுது, பிலோமினா."

"டொக்டர், பிழை எங்கடை. அந்தப் பிள்ளையின்ரை பேர் போகுது."

"எங்கடை பிழையெண்டு சொன்னால் நாளைக்கு இந்தச் சனம் மாடு கொண்டுவராது. மாட்டுக்குக் கண்டவன் கத்தி வைப்பான். ஒரு தையல்காரப் பிள்ளையின்ரை பேரோ, ஊர் மாடோ? நீர் யோசிச்சுப் பாரும்."

யோசித்துப் பார்த்தேன். கூடையைத் தூக்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நேரே கந்தையா அண்ணையின் தோட்டத்துக்குப் போனேன். என் வாழ்க்கையில் அனுமதி கேட்காமல் கந்தோரை விட்டுப் போனது அந்த ஒரு நாள்தான்.

அவர் வெங்காயப் பாத்திக்குள் நின்றார். குட்டிகளைக் காட்டினேன். கண்ணைப் பற்றிச் சொன்னேன், நாலாம் நாள் கொடுத்ததைச் சொன்னேன், நலமடித்த பிறகும் கொஞ்சக் காலத்துக்கு மிச்சம் இருக்கும் போலிருக்கிறது என்றும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். மனிதர் மண்வெட்டியை வரம்பில் வைத்துவிட்டுக் குந்தினார். விரல் மடித்து என்னவோ எண்ணினார். பிறகு வேலியைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வளவில், ஒரு மாதக் கன்று ஒன்று தாயில் முட்டிக்கொண்டு நின்றது.

"பொங்கல் கழிஞ்சு மூண்டாம் நாள் என்ரை நாம்பனுக்கு நலமடிச்சனீங்கள். தைப்பூசத்தண்டு அது கயிறறுத்துக்கொண்டு உந்த வளவுக்குள்ளை போச்சுது. இருபது நாள். போன மாசம் உவன்ரை பசு கண்டு போட்டுது. 'உன்ரை நாம்பன்தான் தகப்பன்' எண்டு அவன் சொன்னவன். நலமடிச்ச மாட்டைச் சொல்லுறியோ எண்டு நான் அவனைச் சந்தியிலை வைச்சு நாறடிச்சனான்."

வேலியடிக்குப் போய்க் கன்றைப் பார்த்தார். "நெத்தியிலை சுட்டி. என்ரை நாம்பன்ரை சுட்டி" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் கந்தோருக்கு வந்தார். பக்கத்து வளவுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எல்லோருக்கும் முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு டொக்டரிடம் திரும்பினார்.

"மூண்டு கிழமையிலும் வேலை செய்திருக்கு டொக்டர். அதுக்கு மேலை இன்னும் ரெண்டு கிழமை போடுங்கோ. அஞ்சு கிழமை கழிச்சுக் குடுங்கோ. எலியளைக் கொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளையிலையும் பிழையில்லை."

டொக்டர் தலையாட்டினார். "அதைத்தான் நானும் யோசிச்சனான்" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் மருந்துத் தட்டம் இருந்தது, கீழே விழாமல் பிடித்துக்கொண்டேன். அவர் பதிவைத் திறந்து, "இன்று முதல் ஐந்து கிழமை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். மலரில் வந்திருக்கிற ஆராய்ச்சி இதுதான். ஒரு தையல்காரியின் கண்ணும், ஒரு தோட்டக்காரர் வெட்கத்தை விட்டு எண்ணிய விரலும்.

எலிகள் தப்பின. ஐந்து கிழமைக் கணக்கில் எல்லாவற்றுக்கும் வீடு கிடைத்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் ஒரு குட்டி பிறக்கவில்லை. ஊசியையும் நூலனையும் செல்வராணியிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று கூடையை எடுத்தபோது டொக்டர் தடுத்தார்.

"அவவுக்குக் குடுக்கேலாது. கவலையீனமெண்டு பதிவிலை கிடக்கு."

"அதைத் திருத்துங்கோ டொக்டர். பிழையெண்டு இப்ப எல்லாருக்கும் தெரியுமே."

"எலிக்கெல்லாம் ஆர் திருத்தம் எழுதுறது?"

கந்தோர் வழக்கப்படி, பதிவில் உள்ள பிழையைக் கையெழுத்து வைத்தவர்தான் திருத்தலாம். சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்து. அரை நிமிட வேலை. அவர் செய்யவில்லை. ஊசியும் நூலனும் உடுப்பிட்டியில் ஒரு ஆசிரியர் வீட்டுக்குப் போயின. கொண்டுபோய்க் கொடுத்தது நான். செல்வராணியிடம் போய்ச் சொன்னதும் நான். அவள் கூடைக்கு விரித்துத் தந்த துணியை மட்டும் வாங்கி, மடித்து, மெஷினுக்குக் கீழே வைத்தாள். என்னை ஏசவில்லை. அதற்குப் பிறகு என்னோடு அளந்துதான் கதைத்தாள்.

தொண்ணூற்றைந்தில் ஊரோடு எழுந்து தென்மராட்சிக்கு ஓடினபோது, டொக்டர் மருந்துப் பெட்டியை எடுத்தார். நான் பதிவுப் புத்தகத்தை எடுத்தேன். ஒரு பள்ளிக்கூட வளவில் அதைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன், பேனையின் மூடியையும் கழற்றி. "இப்ப உதுவோ முக்கியம்?" என்றார். சனம் மரத்துக்குக் கீழே சமைத்துக்கொண்டிருந்தது. அவர் கேட்டது நியாயம் என்றுதான் அப்போது பட்டது. பிறகு அவர் கொழும்புக்கு மாற்றலாகிப் போனார். இரண்டு கடிதம் போட்டேன். பெருநாளுக்கு வாழ்த்து அனுப்பினார், கடிதத்துக்குப் பதில் அனுப்பவில்லை.

மலர் வந்த அன்று மானிப்பாய்க்குப் போனேன். செல்வராணிக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது, தைப்பதில்லை. அந்த வசனத்தை வாசித்துக் காட்டினேன்.

"ஆராய்ச்சியெண்டோ போட்டிருக்கு?" என்றாள். பிறகு கேட்டாள்: "அக்கா, அந்தப் புத்தகத்திலை இப்பவும் நான் கவலையீனமெண்டுதானோ கிடக்குது?"

புத்தகம் என் வீட்டு அலுமாரியில்தான் இருக்கிறது. "ஓம்" என்றேன்.

கையெழுத்து வைத்தவர் இனி வரமாட்டார். எனக்கு அதில் கோடு இழுக்க உரிமை இல்லை என்று தெரியும். ஆனால் பதிவில் இல்லாதது நடக்கவில்லை என்று என்னைப் பழக்கியவரும் அவர்தான். ஆகவே, அச்சில் இப்படிப் பதிகிறேன்.

திருத்தம். "காரணம்: வளர்ப்பவர் கவலையீனம்" என்பதை நீக்கி வாசிக்கவும். காரணம்: நலமடித்த நான்காம் நாள் பெட்டையோடு கொடுத்தது. தீர்மானித்தவர் டொக்டர். கொடுத்தவரும், வளர்ப்பவர் கவனமானவர் என்று தெரிந்தும் கூட்டத்தில் எழுந்து சொல்லாதவரும் பிலோமினா, உதவியாளர். பிழையைக் கண்டுபிடித்தவர் செல்வராணி, தையல்காரி, மானிப்பாய்.